பாக்கட்டுமுங்க, அழிக்க மட்டும் கூடாது

கேக்குதுங்ளாக்கா? இப்ப... இப்பப் பாருங்க. கரக் கரக்குன்னு, எலி கொட்டாங்குச்சியக் கடிக்கறாப்பல. அதேதானுங்க. பொழுதெறங்கி வெளக்குப் போட்டா ஆரம்பிக்கும். மொத நாளு நான் எலின்னே நெனச்சு பீரோவெல்லாம் நகத்திப் பாத்தனுங்க. கடசீல பாத்தா இந்தப் பொட்டிக்குள்ளிருந்து வருது.

இல்லீங்க்கா, டிஸ்க்கு போகல. தொட்டுப் பாருங்க, சூடு கூட இல்ல. ரிப்பேருன்னு அத்தைகிட்டச் சொன்னது சும்மா. அப்படிச் சொன்னாத்தான் ஆளு கூப்புடவே உடுவாங்க. அதும் பொம்பளையா இருந்ததால உட்டாங்க. பக்கத்தூட்டு மோனிஷாதான் சொன்னா, பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற அறிவுச்செல்வி அக்கா ஊட்டுக்கே வருவாங்க, வெளிய ஒண்ணும் பேசமாட்டாங்கன்னு. அந்த ரெண்டாவது பேச்சுக்காகத்தானுங்க உங்களக் கூப்புட்டது.

அத்தை பிரதோசத்துக்கு மலைக்கோயலுக்குப் போயிருக்கறாங்க. எறங்கி வாரதுக்கு எட்டாயிரும். எங்கூட்டுக்காரரும் இன்னிக்குத்தான் வாராரு, சித்ரதுர்கா பக்கம் போர் போடற ரிக்கு ஓடுதுல்ல, அங்கிருந்து. ஒம்போது மணி ஆகும்னாரு. அதுக்குள்ள முடிச்சுறலாமுங்ளா?

உக்காருங்க, சேர இழுத்துப் போட்டுக்குங்க. பாப்பாவ மட்டும் மிதிச்சறாதீங்க, இங்கயே பாயில போட்டுட்டன். தொட்டலு பெட்ரூம்லதான் இருக்குது, ஆனா அங்க கேமரா இருக்குதுங்க. ஹால்ல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, கேட்டுல ரெண்டு. இந்த ஆபீஸ் ரூம்ல மட்டும் இல்ல. எல்லாக் கேமராவும் இந்தப் பொட்டில வந்துதான சேருது, பொட்டிக்கே எதுக்குக் கேமரான்னு உட்டுட்டாரு. இந்த ஊட்டுல நான் வாயத் தொறந்து பேசற ஒரே எடம் இதுதானுங்க. அதனாலதான் துணி மடிக்கறதுக்குக்கூட இங்க வந்துருவன்.

கையா? அது ஒண்ணுமில்லீங்க, பாத்ரூம்ல வழுக்கிட்டன். கட்டுப் பிரிக்கறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னாங்க.

சத்தத்துக்கு வாரன். கேமரா பதியறப்ப இந்தப் பொட்டி சத்தமே போடாதுங்க. மாடு அச போடற மாதிரி ஒரே சீரா இருக்கும். யாராச்சும் பழச எடுத்து, முன்னாடி பின்னாடி ஓட்டி ஓட்டிப் பாத்தாத்தான் இந்தக் கரக் கரக்கு. ஆமாங்க, இப்பவும் யாரோ பாத்துட்டுத்தான் இருக்கறாங்க.

யாருன்னு சொல்றனுங்க. மொதல்ல இத யாரு செட் பண்ணாங்கன்னு கேளுங்க. நாந்தானுங்க. சிரிக்காதீங்க. நான் பன்னெண்டு வரைக்கும் சேலத்துல கான்வென்ட் ஹாஸ்டலு, அப்பறம் இங்கயே இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸு. கண்ணாலமாயி வந்தப்ப ரிக்கு பில்லெல்லாம் ஒரு சாக்குப்பையில கெடந்துச்சு. எந்த ஊர்ல எத்தன அடி போட்டாங்க, எத்தன பைப்பு எறக்குனாங்க, ஒண்ணும் தெரியாது. பில்லு, போட்டோ எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டு வெச்சு எங்கிருந்தாலும் போன்லயே பாத்துக்கறாப்பல, நாந்தான் இந்தப் பொட்டி வாங்கலாம்னு சொன்னன். அவருக்கு அவ்வளவு பெருமை. எம் பொண்டாட்டி இன்ஜினியருன்னு ரிக்கு மேனேஜரு சின்னுசாமிகிட்ட நாலு தடவ சொன்னாரு.

ஆயுத பூஜை அன்னிக்குத்தான் ஆன் பண்ணோம். பொட்டி மேல மஞ்சளா ஒரு கறை இருக்குதுங்ளே, சந்தனந்தானுங்க, தொடைக்க மனசில்லாம உட்டுட்டன். மொத ஸ்கிரீன்லயே அட்மின் பேரு என்னன்னு கேட்டுச்சு. ஜோதின்னு எம் பேர அடிச்சுட்டன். அத்தை பின்னாடி தட்டோட நிக்கறாங்க. ஆம்பளை பேருல ஆரம்பி சாமின்னாங்க. கோவமா இல்லீங்க, ஆசையாத்தான் சொன்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. கரண்டு பில்லு அவரு பேரு, சிலிண்டரு அவரு பேரு, ஊட்டு வரி அவரு பேரு. இதும் இருந்துட்டுப் போகுதுன்னு எம் பேர அழிச்சுட்டு சிவக்குமார்னு அடிச்சன். எனக்குன்னு கீழ ஒரு சாதாரண யூசர். யாரும் என்னையக் கட்டாயப்படுத்தலீங்க்கா. எங்கையாலயே அட்மின் டிக்க எடுத்தன்.

அதுக்கப்பறம் சொந்தக்காரங்க. குலசாமி கோயலு கும்பாபிசேக போட்டோவெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டமுங்களா, எனக்கும் தெறந்து குடு எனக்கும் தெறந்து குடுன்னு ஒரே போன். மதியழகன் மாமாவுக்குக் குடுத்துட்டு பொன்னன் சித்தப்பாவுக்குக் குடுக்கலீன்னா அடுத்த காதுகுத்துக்கு வரமாட்டாரு. சரின்னு எல்லாத்துக்கும் குடுத்தாச்சு, பாக்கறதுக்கு மட்டுமில்ல, போடறதுக்கும் எடுக்கறதுக்கும். பொன்னன் சித்தப்பா ஒரு நாளு விக்கறதுக்கு வெச்சிருந்த எருமையோட போட்டோவக் கோயலு ஃபோல்டர்ல போட்டு உட்டுட்டாரு. அம்மன் அலங்காரத்துக்கும் அன்னதானத்துக்கும் நடுவுல எருமை நிக்குது. அன்னிக்கு நானும் அவரும் வகுறு வலிக்கச் சிரிச்சமுங்க. இங்கதான், இதே சேர்ல.

சிரிச்சிருக்கறமுங்க. அதும் நெசந்தான்.

கேமரா வந்தது பாப்பா பொறந்தப்பறம். அவரு மாசத்துல இருவது நாளு ரிக்கோட போயிருவாரு, கொழந்தையப் பாக்கோணும்னு ஆசைப்பட்டாரு. அதையும் நாந்தான் பொட்டில கோத்து உட்டன். மேல் ஃபோல்டருக்கு என்ன பர்மிஷன் இருக்குதோ அது உள்ள இருக்கற எல்லாத்துக்கும் தானா எறங்கும்ல, கேமரா ஃபோல்டருக்குத் தனியா நான் ஒண்ணும் வெக்கவேயில்ல. மேல இருக்கறவரு வெச்சதுதான் கீழ.

அப்பறம் ராத்திரி போன் பண்ணுவாரு. இன்னிக்கு என்ன, மஞ்சச் சுடிதாராட்ட இருக்குதும்பாரு. எனக்கு வெக்கமா இருக்கும். மோனிஷாகூட நாப்பது நிமிசம் அப்படி என்ன பேச்சும்பாரு. பாப்பாவுக்கு எதுக்கு ரெண்டாவது பிஸ்கட்டுக் குடுத்தன்னு கேப்பாரு. நான் என்ன நெனச்சன் தெரியுங்ளா? எவ்வளவு பாசம், அங்க புழுதிக்குள்ள நின்னுட்டு நம்மளயே நெனச்சிட்டிருக்கறாரேன்னு.

நீங்க அப்படிப் பாக்கறது புரியுதுங்க. ஆனா எங்க ஹாஸ்டல்ல நாங்க எழுதற லெட்டரெல்லாம் சிஸ்டர் படிச்சுட்டுத்தான் ஒட்டுவாங்க. ஊட்டுலிருந்து வாரதும் பிரிச்சுத்தான் வரும். ஒருக்கா என்னோட லெட்டர மட்டும் படிக்காமயே அனுப்பிட்டாங்க, அன்னிக்கு நான் அழுதன். என்னைய யாரும் கவனிக்கலையேன்னு. அப்படி வளந்தவளுங்க நான். ஒருத்தரு பாத்துட்டே இருந்தா அது அக்கறைன்னுதான் எனக்குத் தெரியும்.

தண்ணி வேணுங்ளா? இருங்க, கீழ போக வேண்டாம், இந்தப் பாட்டல்லயே இருக்குது. ஹால் வழியாப் போனா எத்தன டம்ளரு எடுத்துட்டுப் போறன்னு தெரிஞ்சுரும்.

ஆ, அதச் சொல்ல வந்தன். ஒரு நாளு காத்தால ஒரு பழைய பில்ல அழிக்கப் பாத்தன், முடியல. சரி, ஏதோ தப்புன்னு உட்டுட்டன். அடுத்த வாரம் புதுசாப் போட முடியல. அப்பறம் ஒரு நாளு கேமரா ஃபோல்டரத் தொறந்தா, அனுமதி இல்லைன்னு வந்துச்சு. நாங் கட்டுன பொட்டிங்க. நான் பேரு வெச்ச ஃபோல்டரு. சின்னுசாமிக்குக்கூட கேட்டுக் கேமரா தெரியுது. பொன்னன் சித்தப்பா எருமை இன்னும் உள்ள நிக்குது. எனக்கு மட்டும் இல்ல. போன்ல கேட்டதுக்கு, ஊட்டுக்குள்ள இருக்கறவளுக்கு ஊட்டுக் கேமரா எதுக்குன்னாரு. அதும் ஞாயந்தான்னு நெனச்சனுங்க. அவரு எது சொன்னாலும் ஒரு நிமிசத்துக்கு எனக்கு ஞாயமாத்தான் படும்.

சரி, விசயத்துக்கு வாரன். உங்களக் கூப்புட்டது ஒரே ஒரு வீடியோவுக்கு. பாப்பா மொதல் மொதலா நடந்தது அந்தக் கேமராவுல இருக்குதுங்க, ஹால்ல. போன மாசம் பதினாலாந்தேதி, பொழுதோட ஏழேகால் இருக்கும். இன்னிக்கு பதிமூணு. முப்பது நாளு ஆச்சுன்னா பொட்டி பழச அழிச்சுட்டு அது மேல புதுசு எழுதும். அந்த முப்பதும் நான் வெச்சதுதான், எடம் பத்தாதுன்னு. இன்னிக்குப் பன்னெண்டு மணி அடிச்சா அது இருக்காது.

கேட்டனுங்க, அவருகிட்டயே கேட்டன். பாப்பா நடந்தது வேணும், காப்பி எடுத்து வெச்சுக்கறன்னு. ரொம்பத் தன்மையா, அதெல்லாம் எதுக்கு ஜோதி, முப்பது நாள்ல எல்லாம் சரியாப் போயிரும்னாரு.

அவரு பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லலீங்க. தெனமும் பாக்கறாரு, இப்பப் பாக்கறதும் அதுவாத்தான் இருக்கும். பாக்கட்டுமுங்க. எத்தன தடவ வேணா பாக்கட்டும். அழிக்க மட்டும் கூடாது. அப்படி ஒரு பர்மிஷன் இருக்குதுல்லீங்க, பாக்கலாம் ஆனா கை வெக்க முடியாதுன்னு? எனக்கு வெச்சாரே, அது மாதிரி.

அட்மினுக்கு அப்படி வெக்க முடியாதா. வெச்சாலும் அவரே எடுத்துக்குவாரா. ஆமாங்க. தெரியும். நானும் படிச்சவதான். வேற யாராச்சும் முடியும்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் கேட்டன்.

அப்ப வழியே இல்லீங்ளா?

பின்னாடி ஓட்டையா? எங்க... ஓ, இதா. நாலு செகண்டு அழுத்துனா அவரு பாஸ்வேர்டு மட்டுந்தான் போகுமா, உள்ள இருக்கறது போயிராதுங்ளே? நல்லாத் தெரியுமுங்ளா? ஊசி எதுக்குங்க, இந்தாங்க. தாலிக்கொடில எப்பவும் நாலு ஊக்கு கோத்து வெச்சிருப்பன். ஒண்ணு இதுக்காச்சும் ஆகட்டும். நீங்களே அழுத்துங்க.

பீப்புன்னுச்சு.

நின்னு போச்சுங்க, சத்தம். கேக்கறீங்ளா? ஒண்ணுமே இல்ல. ஆறு மாசத்துல இந்த ரூமு இவ்வளவு அமைதியா இருந்ததில்ல. பாப்பா மூச்சு உடறது கேக்குது பாருங்க.

அப்ப, பாத்துட்டிருந்தாருன்னா, அவருக்கு இப்பக் கட்டாயிருக்குமுங்ளே.

இருங்க்கா, போன் அடிக்குது. அவருதான். பேசீறாதீங்க.

ஏனுங்க... ம்ம்... கரண்டு போயிருச்சுங்க, இப்பத்தான்... மேல துணி மடிச்சிட்டிருக்கறன்... கேமராவா, எனக்கு எப்படித் தெரியும்ங்க... அவங்க அப்பவே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, பொட்டி பழசாயிருச்சாமா... தூங்குது... ஆச்சுங்க, சாப்பாடெல்லாம் ஆச்சு, கொள்ளுப் பருப்புக் கடஞ்சிருக்கறன்... சங்ககிரி வந்துட்டீங்ளா? ஒம்போதாகும்னீங்களே... இல்ல, சும்மா கேட்டன்... சரிங்க. மெதுவா வாங்க.

மெதுவா வாங்கன்னு சொல்றன் பாருங்க. வாய் அதுவாச் சொல்லுது. சங்ககிரி தாண்டிட்டாரு. டிரைவரு ஜீவா வண்டி ஓட்டுனா இருவது நிமிசம் கூட ஆகாது. பக்கத்துல உக்காந்து போன்ல என்னையப் பாத்துட்டே வந்திருக்கறாரு.

அட்மின் பேரு கேக்குதா. என்ன போடறதுன்னா... என்னங்க்கா கேள்வி. ஜோதின்னு போடுங்க. இங்கிலீசுல ஜே, ஓ, டி, ஹெச், ஐ. அன்னிக்கும் அப்படித்தான் அடிச்சன்.

தேதி வரிசையா இருக்கும், கடசீக்குப் போங்க. பதினாலு. ஹால். ஏழு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் ஒரே ஃபைலா இருக்கும். அதுதானுங்க. பென்ட்ரைவு இந்தப் பாப்பா பவுடர் டப்பாக்குள்ள இருக்குது, இருங்க. தொடச்சுப் போடுங்க. பன்னெண்டு நிமிசமா? கொஞ்சம் வேகமா ஆகாதுங்ளா? சரி, சரி. ஆகட்டும்.

தொறந்து பாக்கோணுமா. வேற ஃபைலா இருந்துட்டா அப்பறம் இன்னொருக்கா முடியாதுதான். பாருங்க. சத்தத்த மட்டும் கொறச்சு வெச்சுக்குங்க, பாப்பா முழிச்சுக்கும். நான் இப்படித் திரும்பி உக்காந்துக்கறன்.

இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. டிவி ஓடுதுங்ளா? அப்ப இன்னும் தள்ளுங்க. சின்னுசாமிக்கு நான் போன்ல பில்லு நம்பரு சொல்றது வருதுங்ளா? அன்னிக்கு அவரும் ஊட்டுலதான் இருந்தாரு. அதுக்குத்தான், ஆம்பளைகிட்டச் சிரிச்சுப் பேசுனன்னு. சிரிச்சனான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது. முப்பது நாளா ரோசன பண்ணிப் பண்ணி, ஒருவேள சிரிச்சிருப்பனோன்னு.

ம்ம். அது நாந்தானுங்க, சோபாவுக்குக் கீழ கெடக்கறது. எந்திரிக்கப் பாத்தன், கை ஊன முடியல. பாத்ரூம்ல இல்லீங்க. பாத்ரூம்னு ஆஸ்பத்திரில சொன்னது, எங்கப்பாருகிட்டச் சொன்னது, மோனிஷாகிட்டச் சொன்னது எல்லாம் நாந்தான். அவரு ஒரு வார்த்த சொல்லல. அதனாலதான் இப்ப நான் என்ன சொன்னாலும் முன்னாடி நான் சொன்னதுதான் குறுக்க நிக்குது.

இப்பப் பாருங்க, தூணு ஓரத்துல. பாப்பா. அதுவரைக்கும் எதையாச்சும் புடிச்சுட்டுத்தான் நிக்குமுங்க. தூண உட்டுட்டுது பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதுக்கு எம் மேல வந்து உழுந்துச்சு. நான் அங்க கெடந்ததப் பாத்துத்தான் நடந்துச்சுங்க்கா. நான் உங்ககிட்டப் பொய் சொல்லலீங்க. பாப்பா மொதல் மொதலா நடந்தது இதுல தான் இருக்குது.

அழாதீங்க. நான் அழுது முடிச்சுட்டன். எத்தன நிமிசம்னு பாத்துச் சொல்லுங்க.

எட்டா.

எங்க கொண்டு போறதுன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரீல. எங்கப்பாரு பாத்தா என்ன சொல்லுவாரோ தெரீல. நாலு சுவத்துக்குள்ள ஆயிரம் இருக்கும்னு சொன்னாலும் சொல்லுவாரு. ஸ்டேசனுக்குப் போற தைரியமெல்லாம் இல்ல. காமிக்கறதுக்கு ஒண்ணு இருக்கோணும், அவ்வளவுதான் இப்போதைக்கு ரோசன பண்ணியிருக்கறன். அது எங்கிட்ட இருந்தா அவரு எடுத்துக்குவாரு. நீங்க கொண்டு போயிருங்க. நான் கேக்கறப்பக் குடுங்க. கேக்காமயே போயிட்டா... சரி, அத உடுங்க.

இருங்க. வண்டி.

கேட்டுச் சத்தந்தானுங்க. இருவது நிமிசம்னு பாத்தா பதினஞ்சுலயே வந்துட்டாரு. உங்க ஸ்கூட்டி வாசல்ல நிக்குதுங்ளா? அப்ப நீங்க இருக்கறது தெரிஞ்சு போச்சு. எந்திரிக்காதீங்க்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்ககிட்ட ரொம்ப மரியாதையாத்தான் பேசுவாரு. காப்பி சாப்புட்டீங்ளான்னு கேப்பாரு. வெளியாளுகிட்ட அவரு அப்படித்தான்.

எத்தன?

அஞ்சா. அஞ்சு நிமிசம்.

கூப்புடறாரு. படியேறுறாரு. நீங்க என்னையப் பாக்காதீங்க, ஸ்கிரீன்ல ஓடற அந்தப் பச்சக் கோட்டையே பாத்துட்டிருங்க, அது கடசி வரைக்கும் போனப்பறந்தான் பென்ட்ரைவப் புடுங்கோணும். பாப்பாவ மட்டும் கதவுகிட்டிருந்து கொஞ்சம் இக்கட்டால நகத்திக்கறன். இந்த ஊட்டுக்கு வந்து மூணு வருசமாச்சுங்க, ஒரு கதவுக்கும் நான் உள்தாப்பாப் போட்டதில்ல. கொழந்த இருக்கற ஊட்டுல தாப்பாப் போடக்கூடாதும்பாங்க அத்தை. பாருங்க, துருப்புடிச்சு இறுகிக் கெடக்குது. ஒத்தக் கையில வராது. கட்டுப் போட்ட கையும் சேத்துத்தான்...

வருதுங்க. வலிக்குது, ஆனா வருது.

போட்டுட்டனுங்க்கா.